சாகாவும் மார்ட்டினும்

இரட்டைத் துப்பறிவாளர் தொடர்கள் எல்லாமே ஒரே அச்சு, ஒருவர் சிடுமூஞ்சி, இன்னொருவர் கலகலப்பு என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். 2011-இல் தொடங்கிய 'தி பிரிட்ஜ்' தொடரையும் அதில் சேர்த்தது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

முதல் காட்சியை நினைத்துப் பாருங்கள். டென்மார்க்கையும் சுவீடனையும் இணைக்கும் ஓரெசுண்ட் பாலத்தில், சரியாக எல்லைக்கோட்டின் மேல் ஒரு பிணம். இதய மாற்று அறுவைக்காக ஒருவரை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் வருகிறது. தடயம் கெடும் என்று சுவீடன் அதிகாரி சாகா வழிவிட மறுக்கிறாள். டென்மார்க் அதிகாரி மார்ட்டின் விட்டுவிடுகிறார். உடனே அவர் மேல் புகார் எழுதப்போவதாகச் சொல்கிறாள். அவளுக்குக் கோபமெல்லாம் இல்லை, விதி விதிதான், அவ்வளவே.

இது வெறும் குணச்சித்திர விளையாட்டு இல்லை. (இரண்டாம் சீசன் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிடுங்கள்.) தன் மகனைக் கொன்றவனை மார்ட்டின் சிறையில் தீர்த்துக்கட்டியதைச் சாகா கண்டுபிடித்ததும், அவளுக்கு இருந்த ஒரே நண்பனை அவளே காட்டிக்கொடுக்கிறாள். அந்த ஆம்புலன்ஸ் காட்சியில் போட்ட முடிச்சு அங்கேதான் இறுகுகிறது. சாகாவாக நடித்த சோஃபியா ஹெலினின் முகத்தில் அப்போது பெரிய அழுகை ஒன்றும் கிடையாது, ஆனால் எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அப்புறம், மார்ட்டினாக நடித்த கிம் போட்னியா விலகிய பிறகு வந்த மூன்றாம் சீசனையும் விட்டுவிடாதீர்கள். புதிதாக வரும் ஹென்ரிக், மார்ட்டினின் நகல் இல்லை. அவரும் உள்ளே உடைந்துபோன மனிதர். இந்த மூன்று சீசனும் பத்துப் பத்து எபிசோடுதான், தயவுசெய்து ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.