லைட்டுதான் எரியுதே, அப்புறம் என்ன?

இந்தக் கேள்வியை இனிமே யாராவது என் கார் பக்கத்துல நின்னு கேட்டா, சாவியை அவங்க கையில திணிச்சுட்டு ஷேர் ஆட்டோ ஏறிடுவேன். சத்தியமா.

ஞாயித்துக்கிழமை காலையில, தண்டையார்பேட்டை. எங்க தெரு எப்படின்னு இந்தப் பக்கத்து ஆளுங்களுக்குச் சொல்லவே வேணாம். ஒரு கார் போச்சுன்னா எதிர்ல வர்ற சைக்கிள்காரர் யார் வீட்டுப் படியிலயாவது ஏறி நிக்கணும். திருவொற்றியூர்ல நாத்தனார் பொண்ணுக்கு வளைகாப்பு. பின்சீட்டுல மாமியார், மடியில வளையல் தட்டு. வண்டியை நடுத்தெருவுக்கு எடுத்துட்டு வந்து, கேட்டைப் பூட்டறதுக்காக ஆஃப் பண்ணி இறங்கினேன். வந்து சாவியைத் திருப்பினா டிக்டிக்டிக்டிக்டிக். அவ்ளோதான்.

சரியா அந்த நேரம் பாத்து மெட்ரோ தண்ணி லாரி உள்ள வருது. அதுக்குப் பின்னாடி தெருவுல இருக்கற மொத்தக் குடமும் வருது.

முதல்ல வந்தவர் லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டே, "லைட்டைப் போடும்மா"ன்னார். போட்டேன். எரிஞ்சுது. "பேட்டரி நல்லாத்தான் கீது. பெட்ரோல் போட்டியா?" ரெண்டாவது ஆள் வந்தார். அவருக்கும் லைட்டு போட்டுக் காட்டணும். காட்டினேன். "பெட்ரோல் குழாயில ஏர் லாக்கா இருக்கும்." இன்ஜினைச் சுத்தி விடற ஸ்டார்ட்டர் மோட்டாரே சுத்தலைங்க, ஏரு எங்கேருந்து லாக் ஆவுது? லாரி டிரைவர் இறங்கி வந்து ஜன்னல் வழியா கையை விட்டு ஹாரனை அமுக்கினார். "ஹாரனும் அடிக்குதே!" அடிக்கும். பாட்டு போட்டா பாடக்கூடச் செய்யும். நான் என்ன கச்சேரிக்கா கிளம்பினேன்?

அண்ணே, ஒரு ஹெட்லைட் பல்பு 55 வாட். 12 வோல்ட்டுல அது இழுக்கறது அஞ்சு ஆம்பியர்கூட இல்ல. ஸ்டார்ட்டர் மோட்டார் சின்ன பெட்ரோல் காருக்கே நூறு ஆம்பியருக்கு மேல கேக்கும். சொட்டுச் சொட்டா வர்ற குழாயில ஒரு டம்ளர் புடிக்கலாம், உங்க லாரியை ரொப்ப முடியுமா? இதை அந்த டிரைவர்கிட்டயே கேட்டேன். நல்லா யோசிச்சார். யோசிச்சுட்டு, "ஆனா லைட்டு எரியுதேம்மா"ன்னார்.

கேக்க வேண்டிய கேள்வியே வேறங்க. சாவியைத் திருப்பும்போது அந்த லைட்டு என்ன ஆவுது? மங்கிப்போய் டிக்டிக்னு அடிச்சுதுன்னா கரண்ட்டு முழுசாப் போய்ச் சேரலை. ஒண்ணு பேட்டரி இறங்கியிருக்கும், இல்ல பேட்டரியில ஒயர் மாட்டற டெர்மினல் புடிப்பு விட்டிருக்கும். லைட்டு மங்காம 'டக்'னு ஒரே ஒரு சத்தம் கேட்டா ஸ்டார்ட்டர் பக்கம் பாக்கணும். லைட்டும் மங்கலை, சத்தமும் இல்லன்னா ஸ்டார்ட்டருக்குக் கரண்ட்டை விடற ரிலே, கிளட்ச் சுவிட்ச்சுன்னு தேடணும். என் வண்டியில சாவியைத் திருப்பற ஒவ்வொரு வாட்டியும் டாஷ்போர்டே மொத்தமா செத்துச் செத்துப் பொழைக்குது. அதைப் பாக்க ஒருத்தரும் இல்ல. எல்லாரும் என்னையே பாக்கறாங்க. "ஊட்ல சார் இல்லியா?" இருந்தா? அவர் வந்து பானட்டைத் தொறந்து ஊதுவாரா?

பின்சீட்டுலேருந்து மாமியார், "நான் அப்பவே ஆட்டோன்னு சொன்னேன்." சொன்னீங்க அத்தை. ஊருக்கே கேட்டுது.

செகண்ட் கியர்ல போட்டுத் தள்ளலாம்னு ஒரு கோஷ்டி. எங்க தள்றது, லாரிக்குள்ளயா? அப்ப ரிவர்ஸ்ல போட்டுப் பின்பக்கமா தள்ளலாமாம். பின்னாடி மாவு மிஷின் அண்ணாச்சி கடை.

சரி, வருஷா வருஷம் பிரீமியத்தோட காசு வாங்கறாங்களே, ரோட்சைட் அசிஸ்டன்ஸு, அந்த நம்பருக்கு அடிச்சேன். ஒண்ணை அழுத்து, மூணை அழுத்து, அப்புறம் பாட்டு. கடைசியா ஒரு பொண்ணு. "லேண்ட்மார்க் சொல்லுங்க மேம்." அகஸ்தியா தியேட்டர்னேன். 2020லயே மூடிட்டாங்க, ஆனா எங்களுக்கு வேற என்ன அடையாளம் சொல்ல வரும்? "மேப்ல க்ளோஸ்டுன்னு காட்டுது மேம்." அம்மா தாயே, நான் படம் பாக்கப் போகலை, அதுக்குப் பக்கத்துத் தெருவுல நிக்கறேன். "ஓகே மேம். ஹெட்லைட் எரியுதா மேம்?"

எரியுது. எரியுது. எனக்கும் வயிறு எரியுது.

"அப்போ பேட்டரி இஷ்யூ இல்ல மேம். டோ வண்டி தொண்ணூறு நிமிஷத்துல வரும்." போனை வெச்சேன்.

டூவீலர் கடைப் பையன் ஒருத்தன் டீத் தூக்கோட போனவன் நின்னான். "யக்கா, ஒருவாட்டி அடி." அடிச்சேன். அவன் பாத்தது உள்ள இருக்கற டாப் லைட்டை. பொசுக்குனு அணையறதைப் பாத்ததும் தூக்கைக் கீழ வெச்சுட்டுப் பேட்டரி மைனஸ் கிளாம்ப்பைப் புடிச்சு ஒரு திருகு. பாட்டில் மூடி மாதிரி கையோட சுத்துது. நடுவுல மயில்துத்தம் கணக்கா பச்சையும் நீலமுமா பூத்துக் கெடக்கு. காசிமேட்டுக் கடல் காத்து இருக்கே, நம்ம வீட்டு ஜன்னல் கம்பியையே விட்டு வைக்கறதில்ல. பத்தாம் நம்பர் ஸ்பேனர், எங்க அடுப்படியிலேருந்து கொஞ்சம் வெந்நீர், உப்புத்தாள் ஒரு துண்டு. சுரண்டி, துடைச்சு, இறுக்கினான். டீகூட ஆறியிருக்காது. ஒரே திருப்புல வண்டி கிளம்பிடுச்சு.

உடனே அந்த லுங்கிக்காரர் கூட்டத்தைப் பாத்து, "நான்தான் வந்ததுமே சொன்னேன்ல, பேட்டரி நல்லாத்தான் கீதுன்னு!"

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சுங்க. கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு. ஏன்னா அந்த ஆள் சொன்னது வாஸ்தவம்.

வளைகாப்புல எல்லாம் முடிஞ்சு புளிசாதமும் தயிர்சாதமும்தான் மிச்சம். அதைக்கூட விடுங்க. தாம்பூலப் பையைப் பிரிச்சுப் பாக்கறேன், தேங்காயைக் காணோம்! அதுக்குப் பதிலா ஒரு குட்டி பிளாஸ்டிக் டப்பா. மூடிகூட சரியா மூட மாட்டேங்குது. தேங்காய் வெக்கற வழக்கத்தை எப்பங்க நிறுத்தினீங்க? யாரைக் கேட்டு நிறுத்தினீங்க?