கடன் விண்ணப்பத்தில் கட்சிக்கு என்ன வேலை?

வங்கிக் கடன் அதிகாரி ஒருவர் மேடையில் பேசியதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். கடன் கேட்டு வருபவரின் கட்சி தெரிந்தால் நாணயமும் பாதி தெரிந்துவிடும் என்று அவர் சொன்னபோது எழுந்த கைதட்டல் மூன்று நாட்களாக என்னை உறுத்துகிறது. நாணயத்தைக் காட்டுவது தவணை கட்டிய வரலாறு. கட்சி அதைக் காட்டாது.

11 ஆண்டுகள் தொழிற்கடன் மதிப்பீட்டில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். நிறுவனத்தின் சொத்தையும் கடனையும் காட்டும் இருப்புநிலைக் குறிப்பிலும், ஈடாக வைத்த சொத்தின் மதிப்பிலும் அரசியல் எளிதில் நுழையாது. விண்ணப்பதாரரின் நம்பகத்தன்மை, தொழிலின் எதிர்காலம் என்று அதிகாரி தன் கருத்தை எழுதும் இடங்களில்தான் அது நுழைகிறது. பிடிக்காத கட்சி ஆட்சிக்கு வந்ததால் பொருளாதாரமே சரியும் என்று நம்புகிறவர், நேற்றுப் பார்த்த அதே லாபக் கணக்கைப் பார்த்து இன்று வட்டியைக் கூட்டுவார். அதை வெறுப்பு என்று அவர் உணரமாட்டார், எச்சரிக்கை என்றே எழுதுவார். நிறுவனங்களின் கடன் திருப்பும் திறனுக்குத் தரம் இடும் அமெரிக்கக் கடன்தர மதிப்பீட்டாளர்களைப் பற்றி 2021இல் வெளியான ஆய்வு இதைத்தான் கண்டது. ஒரே காலத்தில் ஒரே நிறுவனத்தை மதிப்பிட்டவர்களுள், அதிபரின் கட்சியைச் சாராதவர்களே தரத்தை அதிகமாகக் கீழிறக்கினார்கள்.

நானும் இந்தத் தவற்றைச் செய்தவன். என் அரசியலையே பேசிய ஒருவரிடம், வரவேண்டிய பாக்கியில் பாதிக்கு மேல் ஒரே வாடிக்கையாளரிடம் முடங்கிக் கிடந்ததைப் பற்றித் துருவிக் கேட்கவில்லை. அதே வாரம் வந்த மாற்றுக் கருத்துடையவரிடம் மூன்று முறை கூடுதல் ஆவணம் கேட்டேன். முன்னவரின் கடன் இரண்டாம் ஆண்டிலேயே வாராக்கடனானது.

ஆட்சி மாறினால் கொள்கை மாறுமே, அதைப் பார்க்கக் கூடாதா என்று கேட்கிறார்கள். தாராளமாகப் பாருங்கள். வரியோ இறக்குமதித் தீர்வையோ மாறினால் பணவரத்து எவ்வளவு குறையும் என்று எண்ணில் எழுதுங்கள். யார் போட்டாலும் அந்தக் கணக்கைச் சரிபார்க்க முடியும். வங்கி தன் பணத்தை விரும்பியவருக்குத் தரலாம் என்பவர்களுக்கு ஒன்றே சொல்வேன்: அதில் பெரும்பகுதி வைப்பாளர்களின் பணம். பாகிஸ்தானில் 1996 முதல் 2002 வரை வழங்கப்பட்ட கடன்களை ஆராய்ந்தவர்கள், அரசியல் தொடர்புள்ள நிறுவனங்கள் 45 விழுக்காடு கூடுதலாகக் கடன் பெற்றதையும், அவற்றின் தவணை தவறும் விகிதம் மற்றவற்றைவிட 50 விழுக்காடு கூடுதலாக இருந்ததையும் கண்டார்கள். அந்தச் சலுகையை அளித்தவை அரசு வங்கிகளே. அங்கே தொலைந்தது யாருடைய பணம்?

இதைப் பற்றி முன்பு எழுதியதற்கே என்னை எதிர்க்கட்சிக்காரன் என்று உள்பெட்டியில் திட்டுகிறீர்கள். ஒரு கணக்கைப் பற்றிப் பேசினாலும் பேசுகிறவனின் கட்சியைத்தான் தேடுவீர்கள் என்றால், கடன் கேட்டு எதிரே உட்காருகிறவனின் நிலை என்னவாகும்? மாற்றுக் கருத்துடைய அந்த விண்ணப்பதாரர் மூன்றாம் முறை ஆவணங்களோடு வந்தபோது, "என் கணக்கில் என்ன குறை என்று மட்டும் சொல்லுங்கள் ஐயா" என்றார். கோப்பைப் புரட்டினேன், காட்டுவதற்கு ஒரு வரிகூட இல்லை.