மைனர் என்றால் வாய் இல்லை என்று அர்த்தமா?

அந்த வீடியோவை நான் பகிரப்போவதில்லை. எல்லோரும் பார்த்தாகிவிட்டது. 14 வயதுப் பெண் அழுகிறாள், "எடுக்காதம்மா" என்று இரண்டு தடவை கெஞ்சுகிறாள், அம்மா எடுத்து ஊருக்கே போட்டுவிட்டார். என் எரிச்சல் அந்த வீடியோவைவிட, அதன் கீழே வந்த கருத்துகள் மேல்தான். "மைனர்தானே, அம்மா சம்மதித்தால் போதாதா?" ஆஹா, என்ன சட்ட அறிவு!

பெற்றோர் சம்மதம் என்பது பிள்ளைக்குப் போட்ட வேலி, பிள்ளை மேல் பெற்றோருக்கு எழுதிக்கொடுத்த பட்டா இல்லை. மைனர் போட்ட ஒப்பந்தம் பெரும்பாலும் அவரைக் கட்டாது என்று சட்டம் சொல்வது, யாரும் அவரை ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்காக. அந்த வேலியையே எடுத்துப் பிள்ளையை அடித்தால் எப்படி?

1989 ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12வது பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதை மதிக்க வேண்டும் என்கிறது. 16வது பிரிவு அந்தரங்கம் பற்றியது. பிரான்ஸ் 2024இல் பிள்ளைகளின் படங்களைப் பெற்றோர் போடுவது பற்றியே தனிச் சட்டம் கொண்டுவந்தது.

"அப்போ 4 வயதுக் குழந்தையிடம் தடுப்பூசிக்கு அனுமதி கேட்கணுமா?" என்று ஒருவர் கிளம்பி வருவார். வேண்டாம் ஐயா, ஊசியைப் போடுங்கள். 4 வயதும் 14 வயதும் ஒன்றில்லை என்பதைத்தானே சொல்கிறேன். பிரிட்டனில் கில்லிக் வழக்கில் 1985லேயே, அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை சொல்லிவிட்டது: விஷயம் புரிகிற அளவுக்கு முதிர்ச்சி இருந்தால், 16 வயதுக்குக் கீழே உள்ளவரும் தன் சிகிச்சைக்குத் தானே சம்மதம் தரலாம். பெற்றோர் உரிமை பிள்ளையின் நன்மைக்காக இருப்பது, பிள்ளை வளர வளர அது தேயும்.

"நீ பிள்ளை வளர்த்திருக்கிறாயா?" இல்லை. பிள்ளையாக இருந்திருக்கிறேன், போதாதா?

எனக்கு 15 வயதில் காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. மருத்துவர் கட்டிலின் அந்தப் பக்கம் நின்ற அப்பாவிடமே பேசினார், நடுவில் நான் படுத்திருக்கிறேன். அப்பா கையெழுத்துப் போட்டார். என்ன செய்யப்போகிறார்கள் என்று எனக்குத் தெரிந்ததே மறுநாள் காலை, தள்ளுவண்டியில் ஏற்றும்போதுதான். சிகிச்சை தேவைதான், கேட்டிருந்தால் நானும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் கேட்கவில்லையே. அப்பா கெட்டவரும் இல்லை, மூன்று ராத்திரி நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். அதனாலேயே இதுவரை கோபப்படக்கூட முடியவில்லை.

பாசம் இருந்தால் கேட்க வேண்டியதில்லை என்று யார் சொல்லிக்கொடுத்தது? "அம்மா நல்லதுக்குத்தான் செய்திருப்பார்" என்று எழுதிய அத்தனை பேரும் உங்கள் 14 வயதில் அழுத முகத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள், அது இன்றைக்கும் யாரோ முன்பின் தெரியாதவர் கைப்பேசியில் ஓடிக்கொண்டிருந்தால்?

போன வருஷம்தான் அப்பாவிடம் கேட்டேன், "அன்றைக்கு ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்று. கொஞ்ச நேரம் என் காலையே பார்த்தார். "கேட்கணும்னு தோணலைடா" என்றார்.