கோப்பை அல்ல, ஒமாஹாதான்

அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கி லீக்கான என்சிஎச்சிக்கு ஜோஷ் ஃபென்டன் ஆணையராக, அதாவது நிர்வாகத் தலைவராக, இருந்தபோது அதன் அணிகள் 2016 முதல் 2019 வரை தொடர்ந்து நான்கு தேசியப் பட்டங்களை வென்றதை, அவரைப் பற்றி நான் படித்த கட்டுரை அவர் கணக்கில் எழுதிவிட்டது. அது பயிற்சியாளர்களின் உழைப்பு. அட்டவணை, நடுவர்கள், ஒழுங்கு நடவடிக்கை, ஒளிபரப்பு ஒப்பந்தம், இவைதான் ஆணையரின் வேலை. அதிலும் உறுப்புப் பல்கலைக்கழகங்கள் சம்மதிக்காமல் பெரிதாக எதுவும் நகராது. 

அவர் திறமை தெரிந்தது கொரோனா காலத்தில். 2020 டிசம்பரில் எட்டு அணிகளுக்கும் ஒமாஹா நகரின் பாக்ஸ்டர் அரங்கு ஒன்றே களம். 21 நாளில் 38 ஆட்டம்! ஆட்டங்கள் எல்லாம் ஒரே பனித்தளத்தில். முதல் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனால் தளத்தைச் சீராக்குவது, அடுத்த அணிகளின் வார்ம்-அப் எல்லாமே தள்ளிப்போகும். ஒரு அணியில் தொற்று வந்தால் எதிரணியின் ஆட்டமும் போச்சு. இதற்குக் கட்டுரையில் ஒரே வரிதானா?