மகதலேனா மரியாள் விலைமாதாக இருந்தாரா?

மகதலேனா மரியாள் விலைமாதாக இருந்து மனந்திரும்பியவர் என்று பைபிள் சொல்வதாக ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றி வருகிறது. இது தவறு, நான்கு நற்செய்திகளில் எதிலும் அப்படி ஒரு வரி கிடையாது.

லூக்கா 7ஆம் அதிகாரத்தில், இயேசுவின் பாதங்களைக் கண்ணீரால் நனைத்துத் தன் கூந்தலால் துடைத்த பெண்ணைப் ‘பாவி’ என்று மட்டுமே குறிப்பிடுகிறார்கள். அவருடைய பெயரோ, என்ன பாவம் என்பதோ அங்கே இல்லை. அடுத்த அதிகாரத்தில்தான் மகதலேனா மரியாள் முதன்முறையாக அறிமுகமாகிறார்: ஏழு பேய்கள் நீங்கியவராகவும், யோவன்னாள், சூசன்னாள் முதலானோருடன் தம் உடைமைகளைக் கொண்டு இயேசுவுக்கும் சீடர்களுக்கும் உதவியவராகவும். இந்த இருவரையும், மார்த்தாள், லாசருவின் சகோதரியான பெத்தானியாவின் மரியாளையும் சேர்த்து ஒருவரே என்று 591ஆம் ஆண்டில் போப் முதலாம் கிரகோரி ஆற்றிய மறையுரைதான் மேற்கில் இக்கருத்தை நிலைபெறச் செய்தது. கிழக்கத்தியத் திருச்சபைகள் மூவரையும் வெவ்வேறு பெண்களாகவே கருதி வந்துள்ளன. 1969இல் திருத்தப்பட்ட, கத்தோலிக்கத் திருச்சபையின் விழா நாட்களைக் குறிக்கும் ரோமன் நாட்காட்டியும் இந்தக் குழப்பத்தைக் கைவிட்டது.

இத்தனை நூற்றாண்டுகள் ஒரு பெண்ணின் மேல் ஆதாரமற்ற பழி நின்றது என்பது வேதனையானது. ஏனெனில் யோவான் நற்செய்தியின்படி, கல்லறைக்கு வெளியே அழுதுகொண்டு நின்று, எதிரே நின்றவரைத் தோட்டக்காரர் என்று எண்ணி, தம் பெயர் சொல்லி அழைக்கப்பட்டதும் ‘ரபூனி’ (போதகரே) என்று திரும்பிய இவரே உயிர்த்தெழுந்த இயேசுவை முதலில் கண்டவர். சீடர்களுக்கு அதை அறிவித்தவரும் இவரே. ‘அப்போஸ்தலர்களுக்கு அப்போஸ்தலர்’ என்ற பட்டம் அதனால் வந்தது. 2016இல் கத்தோலிக்கத் திருச்சபை, ஜூலை 22ஆம் நாளான இவரது நினைவு நாளை அப்போஸ்தலர்களின் விழாக்களுக்கு இணையான விழாவாக உயர்த்தியது.