இன்னும் சீசன் ஆரம்பம்தானாம்

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் என் அணி ஆடும் லட்சணத்தைச் சொன்னால், "82 ஆட்டத்தில் பத்துகூட முடியவில்லை, அதற்குள் என்ன புலம்பல்?" என்கிறார்கள். சரி, நானும் பொறுமையாகத்தான் இருந்தேன். நேற்றும் அதே கதை. பாதி ஆட்டம்வரை 15 புள்ளி முன்னிலை. மூன்றாவது குவார்ட்டர் தொடங்கியதும் யாரோ சூனியம் வைத்த மாதிரி நிற்கிறார்கள். வளையத்தை நோக்கி வீச இருப்பதே 24 நொடி, அதில் 18 நொடி ஒருவரே பந்தைத் தட்டிக்கொண்டிருக்கிறார். கார்னரில் தன்னைக் காக்க ஆளே இல்லாமல் நிற்பவர் இரண்டு கையையும் தூக்கிக் காட்டிவிட்டு, அப்புறம் தானாகவே இறக்கிக்கொள்கிறார். அந்தக் கை இறங்கும்போதே தெரிந்துவிடும், இதுவும் போச்சு. கடைசி நொடியில் அவசரமாக ஒரு மூன்று புள்ளி வீச்சு. வளையத்தில்கூடப் படவில்லை.

எதிரணி ஃபவுல் செய்தால் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவை யாரும் தடுப்பதுகூட இல்லையே ஐயா, அதையுமா விடுவது?

உடனே மியாமி ஹீட் அணியை உதாரணத்துக்கு இழுப்பார்கள். 2016-17இல் 11 வெற்றி, 30 தோல்வி என்று கிடந்த அணி, மீதி ஆட்டங்களில் 30 வெற்றி, 11 தோல்வி என்று எழுந்ததாம். எழுந்தது சரி, அப்படியும் கோப்பைக்கான பிளே ஆஃப் சுற்றுக்குள் நுழைய முடியவில்லையே! அதை மட்டும் சொல்லமாட்டார்கள்.

நாளை மறுநாள் அடுத்த ஆட்டம். சத்தியமாகப் பார்க்கமாட்டேன். அலாரம் மட்டும் வைத்திருக்கிறேன்.