வாசிகசாலையின் திறப்பு யாரிடம்?

எங்கள் ஊர்ச் சனசமூக நிலைய வாசிகசாலைக்கு ஒரு காலத்தில் ஐந்து பத்திரிகைகள் வந்தன. இப்போது வருவது ஒன்று. அதையும் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகிறார்கள். திறப்பை வைத்திருந்தவர் கனடாவில் மகளிடம் போய்விட்டார். இன்னொரு திறப்புச் செய்ய எவருக்கும் தோன்றவில்லை.

சித்தப்பா தினமும் பின்னேரம் நான்கு மணிக்குக் குடையோடு அங்கே போவார். சித்தி இல்லை, பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். நிலையம் பூட்டப்பட்ட பிறகு மனிதர் படலையைத் தாண்டவில்லை. சாப்பாடு குறைந்தது, நித்திரை போனது. "வயது போனால் அப்படித்தான்" என்று நாங்களும் ஆறு மாதம் இருந்துவிட்டோம். 'விசர்' என்ற சொல் நம் வாயில் எவ்வளவு எளிதாக வருகிறதோ, அவ்வளவு கடினமாக இருக்கிறது ஒருவரை மனநல மருத்துவரிடம் கூட்டிப்போவது. கடைசியில் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குப் போனோம். மருத்துவர் பின்னேரப் பொழுதைப் பற்றிக் கேட்டதும், பூட்டிய வாசிகசாலையின் கதையைச் சித்தப்பா பத்து நிமிடம் சொன்னார். அந்த வருடம் அவர் பேசிய ஆக நீண்ட பேச்சு அதுதான்.

இதை எங்கள் வட்டாரப் பிரதேச சபை உறுப்பினரிடம் சொன்னபோது, "உளநலம் சுகாதாரத் திணைக்களத்தின் வேலை, எங்களிடம் வைத்தியரா இருக்கிறார்?" என்றார். வைத்தியர் இல்லைதான். ஆனால் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம், பொதுச் சுகாதாரத்தோடு மக்களின் சௌகரியத்தையும் நலனையும் சபையின் பொறுப்பில்தான் வைத்திருக்கிறது. 2023 மார்ச்சிலிருந்து 2025 மே 6 தேர்தல் வரை கேட்க உறுப்பினரே இல்லை. இப்போது இருக்கிறார்கள், அதனால் கேட்கிறேன்.

பின்னேரம் நான்கு முதல் ஏழு வரை நிலையத்தைத் திறந்து வைக்கச் சிறிய கொடுப்பனவில் ஒருவர், இரண்டு பத்திரிகை, ஒரு கரம் பலகை, தேநீர். அங்கே போகும் ஒழுங்கைக்குத் தெருவிளக்கு. இருட்டினால் வீட்டுக்குள் அடைந்துவிடும் பெண்களுக்கும் அது உதவும்.

அடுத்தது உளவளத்துணை, அதாவது மனநல ஆலோசனை. பிரதேச செயலகத்தில் அதற்கென உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த விறாந்தை வாங்கில் உட்கார்ந்தால், நீங்கள் வீடு திரும்புமுன் செய்தி ஊருக்குப் போய்விடும். சபைகள் நடத்தும் இலவசச் சித்த மருந்தகங்களில் கிழமைக்கு ஒரு காலை, ஓர் அறையை அவர்களுக்கு ஒதுக்கிக் கொடுக்கலாமே. முழங்காலுக்கு எண்ணெய் வாங்கப் போனவர் உள்ளே யாரோடு என்ன பேசினார் என்று எவருக்கும் தெரியாது. கடன்காரருக்குப் பயந்து ஒளிக்கும் பெண்ணும், மகனின் போதைப் பழக்கத்தைச் சொல்ல வழியில்லாத தாயும் அந்தக் கதவால் நுழைவார்கள் என்று நம்புகிறேன்.

சோலைவரி (வீட்டுவரி) வாங்க வருபவர் படலை படலையாகப் போகிறவர். முற்றம் கூட்டாமல் கிடக்கும் வீட்டை முதலில் காண்பவரும் அவர்தான். யாரிடம் அறிவிப்பது என்று அவருக்கு ஒரு நாள் பயிற்சி கொடுக்கலாம். தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐத் தண்ணீர் பவுசரின் பின்பக்கத்தில் பெரிதாக எழுதலாம்.

தயவுசெய்து விழிப்புணர்வு ஊர்வலம் மட்டும் வேண்டாம். பதாகைக்கும் பொன்னாடைக்கும் போகும் காசில் ஒரு வருடத்துக்குப் பத்திரிகை வாங்கலாம்.

போன கிழமை சபை அலுவலகத்தில் கேட்டேன். எழுத்தில் தரச் சொன்னார்கள். சித்தப்பா பழைய கிளாக்கர் அல்லவா, தானே இரண்டு பக்கம் எழுதினார். கரம் பலகை பற்றி நான் சேர்க்கச் சொன்ன பந்தியை மட்டும் வெட்டிவிட்டார். சத்தமாம், பத்திரிகை வாசிக்க முடியாதாம்.